கியர் இல்லாத டிராக்டரை உழவுக்கு வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிளட்ச் மிதிக்க வேண்டாம், கியர் மாற்ற வேண்டாம், ஒரு பெடலை அழுத்தினால் முன்னே போகும், இன்னொன்றை அழுத்தினால் பின்னே வரும் என்று ஹைட்ரோஸ்டாட்டிக் டிராக்டர்களைப் பற்றிய வீடியோக்கள் கைபேசிகளில் நிறைய வருகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்து நஞ்சைக்காரர்களும், மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இதை வைத்து உழவு ஓட்டலாமா? பிசான (பின்பருவ) நெல் அறுப்புக்கு வரும் பெல்ட் அறுவடை இயந்திரத்தை ஒற்றை லீவரில் முன்னும் பின்னும் ஓட்டுவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய வண்டியே அப்படி ஓடும்போது டிராக்டர் ஓடாதா என்பது நியாயமான கேள்விதான்.

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தென்னந்தோப்பு, வாழைத் தோட்டம், முன்பக்க லோடர், மருந்தடிப்பு, புல்வெட்டு ஆகியவற்றுக்கு இந்த வண்டி அருமையானது. மணிக்கணக்கில் பாரம் இழுக்கும் வேலைக்கு இது ஏற்றதல்ல. வண்டியின் தரம் குறைவு என்பதால் இப்படிச் சொல்லவில்லை. விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் முறையிலேயே இந்த எல்லை இருக்கிறது. விலை கொடுக்குமுன் அதைப் புரிந்துகொள்வது நல்லது.

என்ஜின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்பு எண்ணெயை அழுத்தி ஒரு மோட்டாருக்கு அனுப்புகிறது. மோட்டார் சுற்றிப் பின் அச்சைத் திருப்புகிறது. வேலை முடித்த எண்ணெய் மறுபடியும் பம்புக்கே வருகிறது. பம்புக்குள் வட்டமாக நிற்கும் சிறு பிஸ்டன்கள், பெரும்பாலும் ஏழு அல்லது ஒன்பது, ஒரு சாய்வுத் தட்டின் மேல் வழுக்கிச் சுற்றுகின்றன. பெடலால் நாம் மாற்றுவது அந்தத் தட்டின் சாய்வைத்தான். தட்டு நேராக நின்றால் எண்ணெய் ஓடாது, வண்டி நிற்கும். சாய்வு கூடக்கூட ஒரு சுற்றுக்கு அதிக எண்ணெய் போகும், வேகம் கூடும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ரிவர்ஸ். சுற்றில் குறையும் எண்ணெயை ஈடுகட்ட சார்ஜ் பம்பு என்று சிறிய பம்பு ஒன்று எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அழுத்தம் எல்லை மீறினால் திறக்க ஒரு ரிலீஃப் வால்வும் உண்டு.

கியர்ப்பெட்டியில் பல்லோடு பல் பொருந்தித் தள்ளுவதால் விசை அதிகம் வீணாவதில்லை. என்ஜினிலிருந்து பின் அச்சு வரை நூற்றுக்கு 88 பங்கு போய்ச் சேரும் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் வழியில் பம்பில் ஒரு இழப்பு, மோட்டாரில் ஒரு இழப்பு, அதற்குப் பின்னாலும் ரேஞ்ச் கியர் (லோ, ஹை என்று வேக வரம்பைப் பிரிப்பது), டிஃபரன்ஷியல் எல்லாம் இருப்பதால் அங்கேயும் ஒரு இழப்பு. நல்ல நிலையில் உள்ள வண்டியிலும் மொத்தத்தில் 70 பங்கு அச்சுக்கு வந்தால் சரி.

இதைக் காட்டுவேலையில் வைத்துப் பார்க்கலாம். இழுவைத் திறனைக் கணக்கிட எளிய வழி: இழுக்கும் பாரத்தைக் கிலோவிலும் வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரிலும் எடுத்துப் பெருக்கி 270-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வரும். கரிசலில் இரண்டு கொழு இறக்கைக் கலப்பை 750 கிலோ இழுவை கேட்கிறது என்று கொள்வோம். டிராக்டர் மண்ணில் தன்னைத்தானே நகர்த்த இன்னொரு 100 கிலோ. ஆக 850. வயலில் வண்டி 4 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் 15 சதவீதம் சக்கரச் சறுக்கல் இருப்பதால் சக்கரம் 4.7 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுற்றியாக வேண்டும். 850-ஐ 4.7-ஆல் பெருக்கி 270-ஆல் வகுத்தால் அச்சில் ஏறத்தாழ 15 குதிரைத்திறன். இதே வேலைக்குக் கியர் வண்டியின் என்ஜின் 17 குதிரைத்திறன் கொடுத்தால் போதும். ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியின் என்ஜின் 21 கொடுக்க வேண்டும். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.22 லிட்டர் டீசல் என்று வைத்தால், ஒவ்வொரு மணி நேரமும் ஏறத்தாழ ஒரு லிட்டர் கூடுதல் செலவு. நாளெல்லாம் உழுது விட்டு டீசல் கணக்குப் பார்க்கும்போது இது தெரியும்.

டீசலைவிட எங்களுக்குப் பெரிய கவலை வெப்பம். மேலே சொன்ன கணக்கில் ஆறு குதிரைத்திறனுக்குச் சற்று மேல் வழியிலேயே தீர்ந்துபோகிறது. அதாவது 4.6 கிலோவாட். வாளியில் வெந்நீர் போடும் 1500 வாட் கம்பிச்சுருள் மூன்றை டிரான்ஸ்மிஷனுக்குள் போட்டு நாள்முழுக்க ஓடவிட்டது போன்ற வெப்பம். சிறு டிராக்டர்கள் பலவற்றில் ஹைட்ரோஸ்டாட்டிக், பின் அச்சு, கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் தூக்கி மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். அதைக் குளிர்விக்க ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சிறு கூலர் இருக்கும். சில வண்டிகளில் பம்பு உறையின் மேல் ஒரு விசிறி மட்டுமே. குளிர்நாடுகளில் புல்வெட்டவும் பனி தள்ளவும் போதுமான ஏற்பாடு அது. சித்திரை வெயிலில், நிழலே இல்லாத கங்கைகொண்டான் கரிசலில், காற்றே 38, 40 டிகிரியில் இருக்கும்போது அந்தக் கூலர் எதைக் குளிர்விக்கும்?

எண்ணெய் சூடானால் மெலியும். டிராக்டர் ஹைட்ராலிக் எண்ணெயின் பாகுத்தன்மை 40 டிகிரியில் 55 முதல் 60 சென்டிஸ்டோக் இருந்தால் 100 டிகிரியில் 9, 10 ஆகிவிடும், அதாவது ஆறில் ஒரு பங்கு. பிஸ்டனுக்கும் துளைக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். மெலிந்த எண்ணெய் அதன் வழியே கசிந்து, வேலை செய்யாமல் உறைக்குள் திரும்பிவிடும். கசிகிற எண்ணெயின் அழுத்தமும் வெப்பமாகவே மாறும். அந்த வெப்பம் எண்ணெயை இன்னும் மெலியச் செய்யும். காலையில் நன்றாக இழுத்த வண்டி மத்தியானம் பெடலை முழுதாக மிதித்தும் வரப்பு ஏற மறுக்கிறது என்றால் காரணம் இதுதான். ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டால் மறுபடி இழுக்கும். அதைக் கண்டு கோளாறு சரியாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. தேய்மானம் ஒவ்வொரு முறையும் கூடுகிறது. இடைவெளி இரு மடங்கானால் அதன் வழியே கசிவு எட்டு மடங்காகும்.

ஆடிக்காற்று காலத்தில் இன்னொரு தொல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியும் ஆரல்வாய்மொழி வழியும் இறங்கும் காற்று தென்காசி, கடையநல்லூர், வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பகுதியெங்கும் செம்மண்ணையும் தேரிமணலையும் வாரி அடிக்கும். கூலரின் தகட்டிடுக்கு ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். கியர் வண்டியில் ரேடியேட்டர் அடைத்தால் தண்ணீர்ச் சூட்டு முள் காட்டிக் கொடுக்கும். சிறு ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டிகள் பலவற்றில் டிரான்ஸ்மிஷன் எண்ணெய்க்குச் சூட்டு முள்ளே கிடையாது. உழவு நாட்களில் காலை, மத்தியானம் இருவேளையும் கூலரை உள்ளிருந்து வெளியே காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதிக அழுத்தத் தண்ணீர் பீய்ச்சினால் தகடு மடங்கிப்போகும்.

ஓட்டுநர்கள் அதிகம் தடுமாறும் இடம் பெடல். கியர் வண்டியில் பாரம் கூடினால் ஆக்சிலேட்டரை அழுத்திப் பழகிய கால், இதிலும் பெடலை அழுத்தும். பலன் நேர்மாறானது. எண்ணிக்கையோடு சொன்னால்தான் விளங்கும். 30 குதிரைத்திறன் என்ஜின் 2600 சுற்றில் கொடுக்கும் முறுக்குவிசை ஏறத்தாழ 81 நியூட்டன் மீட்டர். ஒரு சுற்றுக்கு 30 சிசி எண்ணெய் தள்ளும் பம்பு, 250 பார் அழுத்தத்தில் கேட்கும் முறுக்குவிசை 119 நியூட்டன் மீட்டர். ஆக, பெடலை முழுதாக மிதித்த நிலையில் கலப்பை கெட்டி மண்ணில் மாட்டினால் என்ஜின் மூச்சுத் திணறி அணைந்துவிடும். அதே பெடலை மூன்றில் இரண்டு பங்குக்குத் தளர்த்தினால் பம்பு 20 சிசி மட்டும் தள்ளும். அப்போது 250 பாருக்கும் 80 நியூட்டன் மீட்டர் போதும், என்ஜின் தாங்கும், சக்கரத்துக்கு முழு இழுவை கிடைக்கும், வேகம் மட்டும் குறையும். இழுவை வேண்டுமென்றால் காலைத் தளர்த்த வேண்டும். இந்த ஒன்றை ஓட்டுநருக்குச் சொல்லிக் கொடுத்தாலே பாதிப் பழுது குறையும்.

இன்னொரு பழக்கமும் மாற வேண்டும். நம் ஊர் ஓட்டுநர்கள் டீசல் மிச்சம் பிடிக்கக் கியரைக் கூட்டி, என்ஜினை 1500 சுற்றில் வைத்து உழுவார்கள். கியர் வண்டிக்கு அது நல்ல பழக்கம். ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டிக்கு அது கேடு. சார்ஜ் பம்பும் கூலர் விசிறியும் என்ஜின் வேகத்தோடு சேர்ந்தே ஓடுகின்றன. என்ஜின் வேகம் குறைந்தால் எண்ணெய் ஊட்டமும் குறையும், குளிர்ச்சியும் குறையும். பார வேலை என்றால் லோ ரேஞ்ச், பி.டி.ஓ. (கருவிகளைச் சுற்றும் பின்பக்கத் தண்டு) குறியிட்ட சுற்றுக்கு என்ஜின், தளர்ந்த பெடல். இப்படித்தான் ஓட்டியாக வேண்டும்.

பெடலைத் தளர்த்தியும் வண்டி நகராமல், டிரான்ஸ்மிஷனிலிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தால் ரிலீஃப் வால்வு திறந்துவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் என்ஜினிலிருந்து பம்புக்குப் போகும் திறன் அத்தனையும் வெப்பமாகிறது. ஓரிரு நொடிக்கு மேல் அந்தச் சத்தம் கேட்கக் கூடாது. கலப்பையைத் தூக்குங்கள், இல்லை பின்னே எடுங்கள்.

இந்த இடத்தில் எடை கட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கியர் வண்டி இழுக்க முடியாதபோது சக்கரம் சறுக்கும், அந்தச் சறுக்கலே ஒரு பாதுகாப்பு. சிறு ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டிகள் இலேசானவை. சறுக்குகிறதே என்று டயரில் தண்ணீர் நிரப்பி, முன்னால் எடை மாட்டி, பின்னால் கேஜ் வீலும் (சேற்றில் ஓட்டும் இரும்புச் சக்கரம்) பூட்டிவிட்டால் சக்கரம் சறுக்காது, அதற்குப் பதில் ரிலீஃப் வால்வு திறக்கும். மண்ணில் போக வேண்டிய இழப்பை இயந்திரத்துக்குள் கொண்டுவந்து வைத்ததுபோல் ஆகிவிடும். கையேட்டில் சொன்ன எடைக்கு மேல் ஒரு கிலோகூடக் கட்ட வேண்டாம்.

கரிசலில் கோடை உழவைத்தான் நாங்கள் திட்டவட்டமாக வேண்டாம் என்கிறோம். காய்ந்து வெடித்த கரிசல் ஒரே சீராக இழுவை கேட்பதில்லை. கட்டி பெயர்கிற ஒவ்வொரு முறையும் இழுவை திடீரென்று ஏறி இறங்கும். கியர் வண்டியில் என்ஜினின் ஃப்ளைவீலும் வண்டியின் எடையும் சேர்ந்து அந்த ஏற்றத்தைத் தாண்டிவிடும். எண்ணெய்ச் சுற்றில் ஒவ்வொரு ஏற்றமும் ரிலீஃப் வால்வில் போய் முட்டும். தவிரவும், இந்தச் சிறு வண்டிகள் பலவற்றில் தூக்கிக்கு நிலைக் கட்டுப்பாடு மட்டுமே உண்டு. மண்ணின் எதிர்ப்பு கூடும்போது கலப்பையைத் தானாகச் சற்று உயர்த்தும் இழுவைக் கட்டுப்பாடு இல்லை. ஓட்டுநர் ஒரு கையைத் தூக்கியின் லீவரிலேயே வைத்திருக்க வேண்டும், ஒரு கால் பெடலை விட்டு எடுக்கவே முடியாது. பாரம் மாறிக்கொண்டே இருக்கும் உழவில், பெடலை ஒரே நிலையில் பிடித்துவைக்கும் குரூஸ் கட்டுப்பாடும் உதவாது. சட்டிக் கலப்பை, ஒன்பது கொத்துக் கலப்பை, சப்சாயிலர் மூன்றுக்கும் 45 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட கியர் வண்டியே சரி. சொந்தமாக இல்லையென்றால் வேளாண்மைப் பொறியியல் துறை உழவன் செயலி வழியாக டிராக்டரை வாடகைக்குத் தருகிறது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வரும் கோடை உழவை அதில் முடித்துக்கொள்ளலாம்.

நஞ்சையில் தொளி அடிப்பதை, அதாவது சேற்றுழவைப் பற்றி எங்கள் கருத்து சற்று வேறு. ரோட்டவேட்டருக்குப் போகும் விசை எண்ணெய் வழியாகப் போவதில்லை, பி.டி.ஓ. என்ஜினோடு பற்சக்கரத்தால் இணைந்தது. சுற்றும் கத்திகள் வண்டியை முன்னே தள்ளவும் செய்யும். அதனால் பின் அச்சுக்கு இழுவை வேலை குறைவு. ஆனால் பம்பும் சார்ஜ் பம்பும் சும்மா சுற்றவே கொஞ்சம் திறன் தின்னும். அமெரிக்காவில் விற்கும் குபோட்டா எல்2501 வண்டியில் ஒரே என்ஜினுக்குக் கியர் வகையில் பி.டி.ஓ. திறன் 20.5 குதிரைத்திறன், ஹைட்ரோஸ்டாட்டிக் வகையில் 19. இந்த ஒன்றரைக் குதிரைத்திறன் வித்தியாசத்தைக் கழித்துக்கொண்டு ரோட்டவேட்டரின் அகலத்தைத் தேர்ந்தெடுத்தால் தொளி ஓடும். 30 குதிரைத்திறன் வண்டிக்கு 4 அடியை மிஞ்ச வேண்டாம்.

தரை கெட்டியாக, சேறு முழங்காலுக்குக் கீழே இருக்கும் வயலுக்குத்தான் இது பொருந்தும். குளத்தடி வயல்களில் களி ஆழமாக இருக்கும். கார் பருவ நடவுக்கு ஒருமுறையும் பிசானத்துக்கு ஒருமுறையும் கலக்கிக் கலக்கி அடித்தளம் இளகிப்போன இடங்களும் உண்டு. அங்கே கேஜ் வீல் இறங்கிவிட்டால் சேறு சக்கரத்தைப் பிடித்திழுக்கும். ஓட்டுநர் முன்னும் பின்னுமாகப் பெடலை மாற்றி மாற்றி மிதிப்பார். அந்தச் சில நிமிடங்களில் பம்பு படும் பாடு ஒரு வார வேலைக்குச் சமம். வண்டி இறங்கினால் உடனே நிறுத்தி வேறு டிராக்டர் வைத்து இழுங்கள். இழுக்குமுன் ரேஞ்ச் லீவரை நியூட்ரலில் போட வேண்டும். போடாமல் இழுத்தால் சக்கரம் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் பம்பாகி மூடிய சுற்றுக்குள் எண்ணெயை அழுத்தும், சார்ஜ் பம்பின் எண்ணெய் ஊட்டம் இல்லாமல் உராய்ந்து, சாய்வுத் தட்டின் மேல் வழுக்கும் பிஸ்டன் பாதங்கள் சுரண்டப்படும். தள்ளி ஸ்டார்ட் செய்யும் பேச்சே இந்த வண்டியில் கிடையாது.

சேற்று வேலையில் தண்ணீரும் எதிரி. அச்சு சீல் வழியாகவோ மூச்சுக்குழல் வழியாகவோ கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலும் எண்ணெய் பால்போல வெளுக்கும். கியர்ப்பெட்டி அந்த நிலையிலும் சில நாள் ஓடிவிடும். நூறில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடும் பிஸ்டனும், கண்ணாடிபோல் தேய்த்த வால்வுத் தட்டும் தாங்காது. அதனால் தொளி முடிந்த அன்று மாலையே எண்ணெய்க் கண்ணாடியைப் பாருங்கள். வெளுத்திருந்தால் மறுநாள் ஓட்ட வேண்டாம். எண்ணெயை வடித்து, ஃபில்டரை மாற்றி, சீலைச் சரிசெய்த பிறகே ஓட்டலாம்.

பாரவண்டி இழுப்பதையும் கணக்குப் போட்டே பாருங்கள். மூன்று டன் நெல் ஏற்றிய டிரெய்லர், அதன் சொந்த எடையோடு நாலரை டன். இருபதுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில், டிராக்டரின் 1300 கிலோவையும் சேர்த்து மேலே இழுக்க, சக்கரம் உருளும் தடையோடு ஏறத்தாழ 400 கிலோ விசை வேண்டும். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் அது அச்சில் 18 குதிரைத்திறன். கியர் வண்டியின் என்ஜின் இருபதரை கொடுத்தால் ஏறிவிடும். ஹைட்ரோஸ்டாட்டிக்குக் கிட்டத்தட்ட 26 தேவை. 30 குதிரைத்திறன் வண்டி அதன் எல்லைக்கே போய்விடுகிறது. ஹை ரேஞ்சில் அழுத்தம் போதாமல் வேகம் தேயும். ரேஞ்சைக் குறைக்க வண்டியை நிறுத்தியாக வேண்டும். ஆற்றுப்பாலத்து ஏற்றத்தில், பின்னால் பேருந்து நிற்க, பாரவண்டியோடு நிறுத்தி எடுப்பது ஆபத்தான வேலை. இறக்கத்திலும் எச்சரிக்கை தேவை. பாரம் பின்னிருந்து தள்ளும்போது மோட்டார் பம்பாக மாறி என்ஜினைச் சுற்றும், என்ஜின் வேகம் எல்லை மீறும். பெடலிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் டிராக்டர் குலுங்கி நிற்கும், டிரெய்லர் நிற்காது. ஏற்றத்துக்கு முன்பே ரேஞ்சைக் குறைப்பதும், இறங்கும்போது காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதும் கட்டாயம். என்ஜின் அணைந்தபின் எண்ணெய் கசிந்து வண்டி மெல்ல நகரும் என்பதால் சரிவில் கைபிரேக் போடாமல் இறங்கவே கூடாது.

இந்த எல்லைகளை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1967-லேயே 656 என்ற பெரிய வயல் டிராக்டரை ஹைட்ரோஸ்டாட்டிக் முறையில் கொண்டுவந்தது. 1970-களில் 100 குதிரைத்திறன் அளவுக்கும் அந்த வரிசை வளர்ந்தது. வைக்கோல் கட்டும் பேலர், தீவனம் வெட்டும் இயந்திரம் போன்ற பி.டி.ஓ. வேலைகளில் அந்த வண்டிகள் பேர் வாங்கின. கனத்த உழவுக்கு அதே பண்ணைக்காரர்கள் கியர் வண்டியையே பூட்டினார்கள். 1980-களின் நடுப்பகுதியோடு அந்த வரிசை முடிந்துபோனது. 1995-ல் ஜெர்மனியின் ஃபென்ட் நிறுவனம் கொண்டுவந்த வேரியோ வேறு இனம். அதில் விசையின் ஒரு பங்கு எண்ணெய் வழியும் மறுபங்கு பற்சக்கரம் வழியும் போகிறது, வேகம் கூடக்கூடப் பற்சக்கரத்தின் பங்கு கூடுகிறது. அது உழும். ஆனால் அது பெரிய, விலை மிகுந்த வண்டி. அதன் உழவு வீடியோவைக் காட்டி, முழுக்க எண்ணெயிலேயே ஓடும் சிறு வண்டியை விற்க வந்தால் நம்பக் கூடாது.

பெல்ட் அறுவடை இயந்திரத்துக்கும் இப்போது விடை கிடைக்கும். அதன் என்ஜின் திறனில் பெரும்பங்கு கதிர் அறுக்கவும் அடிக்கவும் தூற்றவும் பெல்ட்டுகள், சங்கிலிகள் வழியாகப் போகிறது. நகர்வதற்கு மட்டுமே ஹைட்ரோஸ்டாட்டிக். பயிரின் அடர்த்திக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. அது கலப்பை இழுப்பதில்லை.

களக்காடு, ஏர்வாடி, திருக்குறுங்குடி வாழைத் தோட்டங்களில் வரிசைக்குள் புகுந்து திரும்பி வரவும், கடையம் பக்கத்துத் தென்னந்தோப்பில் மட்டையை லோடரில் அள்ளி மரத்துக்கு மரம் நின்று போகவும், புளியங்குடி எலுமிச்சைத் தோட்டத்தில் கிளைக்கடியில் மெதுவாக ஊர்ந்து மருந்தடிக்கவும் கியர் வண்டி இதற்கு ஈடாகாது. லோடர் வேலையில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை முன்னும் பின்னும் மாற வேண்டும். கியர் வண்டியில் அத்தனையும் கிளட்ச் பிளேட்டின் தலையில் விழும். இதில் முன்னும் பின்னும் மாறக் கிளட்ச் தேவையில்லை. இந்த வேலைகளே பெரும்பங்கு என்றால் தயங்காமல் வாங்கலாம்.

வாங்கியவர்கள் எண்ணெய் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கையேட்டில் சொன்ன டிரான்ஸ்மிஷன் ஹைட்ராலிக் எண்ணெயே ஊற்ற வேண்டும். 90 கியர் ஆயிலோ மிச்சமிருக்கும் என்ஜின் ஆயிலோ ஊற்றினால் சார்ஜ் பம்பு காலையில் உறிஞ்சத் திணறும். முதல் ஃபில்டர் மாற்றம் 50 மணி நேரத்தில். புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று உரசி உதிர்க்கும் துகள் அதில்தான் சிக்கும், அதைத் தள்ளிப்போட்டால் வண்டியின் ஆயுள் அங்கேயே குறைந்துவிடும். பிறகு கையேட்டில் சொன்ன இடைவெளி. தேரிமணலிலும் சேற்றிலும் ஓடும் வண்டிக்கு அதில் பாதி என்று வைத்துக்கொள்வது நல்லது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறக்குமுன் சுற்றிலும் துடையுங்கள். புனலும் கேனும் இதற்கென்றே தனியாக இருக்கட்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஊளைச் சத்தம் வந்தால் எண்ணெய் குறைவு, அல்லது உறிஞ்சும் பக்கத்து ஃபில்டர் அடைப்பு. எண்ணெயில் நுரை இருந்தால் உறிஞ்சும் குழாயில் காற்று புகுகிறது. கறுத்துக் கருகிய வாடை அடித்தால் எண்ணெய் வெந்துவிட்டது. பெடலில் கால் வைக்காமலே வண்டி நகர்ந்தால் இணைப்புக் கம்பிகளின் நியூட்ரல் அமைப்பு தவறியிருக்கிறது, அது பட்டறையில் சரிசெய்யக் கூடியதே. குளிர்ந்தபோது இழுத்து, சூடானபின் சோர்ந்தால் உள்தேய்மானம். அதற்குப் பம்பு மோட்டார்த் தொகுதியைக் கழற்றித் தூசியில்லாத அறையில் பிரிக்க வேண்டும். கிளட்ச் பிளேட் மாற்ற வள்ளியூரிலோ அம்பையிலோ சங்கரன்கோவிலிலோ ஒரு நாள் போதும். இந்தத் தொகுதியைத் திறந்த பட்டறையில் பிரித்தால் போன உயிர் திரும்பாது. உதிரிபாகம் எங்கிருந்து, எத்தனை நாளில் வரும் என்பதை வாங்குமுன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நடவு நேரத்தில் வண்டி நின்றால் பருவம் காத்திருக்காது.

என்ஜின் குதிரைத்திறனை மட்டும் சொல்லி விற்பதை விவசாயிகள் ஏற்கக் கூடாது. மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. அந்த அறிக்கையில் டிராபார் (இழுவை) சோதனை என்ற பகுதியைப் பாருங்கள். எத்தனை கிலோ இழுவை, எந்த வேகத்தில், எத்தனை சதவீதச் சறுக்கலில், எவ்வளவு டீசலில் என்ற நான்கும் அங்கே இருக்கும். பி.டி.ஓ. திறனுக்கும் டிராபார் திறனுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே டிரான்ஸ்மிஷனும் சக்கரமும் எவ்வளவு தின்கின்றன என்பது விளங்கும். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் புது டிராக்டர்களைப் பற்றி எழுதும்போது இந்த எண்களையும் சேர்த்து வெளியிட்டால் மிகவும் உதவியாக இருக்கும்.

செயல்விளக்கத்தை விற்பனையாளரின் மைதானத்தில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்க வேண்டாம். உங்கள் காட்டுக்கே வரச் சொல்லுங்கள். மத்தியானம் ஒரு மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேரம் நிறுத்தாமல், நீங்கள் பூட்டப்போகும் அதே கலப்பையை, நீங்கள் உழும் அதே ஆழத்தில் ஓட்டச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடத்தில் ஒரு சால் போக எத்தனை வினாடி, கடைசிப் பத்து நிமிடத்தில் எத்தனை வினாடி என்று குறியுங்கள். ஓட்டி முடித்ததும் பம்பு உறையின் வெப்பத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் அளக்கச் சொல்லுங்கள். 80 டிகிரிக்குள் இருந்து, சால் நேரமும் மாறாமல் இருந்தால் அந்தக் கலப்பைக்கு அந்த வண்டி சரி. 95-ஐத் தாண்டி, சால் நேரமும் நீண்டிருந்தால் சிறிய கலப்பைக்கு மாறுங்கள், அல்லது கியர் வண்டியைப் பாருங்கள்.

இப்படிக்கு,
வேளாண் இயந்திரப் பழுதுபார்ப்பில் உள்ளோர்,
அம்பாசமுத்திரம் வட்டாரம்.